பியூலா சிஸ்டரின் இத்தாலி வண்டி

நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் இப்போது ரோடு டெஸ்ட் கிடையாதாம். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகினால் போதும், கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதாம். இதைச் சொன்னவன் ஷிபின். நெய்யாற்றின்கரை ஒர்க்‌ஷாப்பில் நான் விட்டு வந்த இடத்தில் இப்போது அவன்தான் இருக்கிறான். சென்ற வாரம் போனில் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஒரு சந்தேகமும் கேட்டான்.

"ஆசானே, ஒரு கஸ்டமர் இத்தாலிக்காரனுக்க சின்ன வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கான். ரெண்டு கதவு, உருண்டு திரண்டு முட்டை மாதிரி இருக்கும்லா, அதாக்கும். வீட்டுக்கும் வேணுமாம், கோயம்புத்தூர்ல ரேஸ் டிராக்கில ஓட்டவும் வேணுமாம். வாங்கலாமான்னு கேக்கான். கம்ப்யூட்டர்ல பாத்தா எல்லாம் பச்சையாட்டுதான் காட்டுது. நீங்க என்ன சொல்லுதிய?"

"எத்தனை பச்சை?" என்றேன்.

"எளவு, ஆசான் இன்னும் எண்ணுகத நிறுத்தல்லியா?"

இந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. அந்த வண்டியை எனக்குத் தெரியும். அதில் உட்கார வேண்டிய எல்லா இடத்திலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுதிவிட்டேன்.

ஐ.டி.ஐ. முடித்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தபோது முதலில் எனக்குக் கிடைத்தது சக்கரம் கழற்றும் வேலை. பிறகு ஆயில், பிறகு பிரேக், பிறகு என்ஜின். யாருக்கும் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் ஆள் துபாய்க்குப் போனதும் அந்த இடம் எனக்கு வந்தது. அதன் பின் ஓய்வு பெறும் வரை அதுதான் என் வேலை.

சாவியைத் தொடுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவ வேண்டும். ஒரு பக்கமாகத் தேய்ந்த டயர் கண்ணுக்கு முன் கைக்குத் தெரியும். பிறகு ஆற்றுப் பாலம் தாண்டி, சந்தை நெரிசலில் கிளட்ச் பார்த்து, காஞ்சிரங்குளம் சாலையில் ஏறுவேன். வழியில் பதினோரு வேகத்தடை. நடுவில் இரண்டு பக்கமும் உயர்ந்த மதில் உள்ள ஒரு சந்து உண்டு. அங்கே கண்ணாடியை இறக்கி ஓட்டினால் வண்டியின் சத்தம் மதிலில் பட்டு நம் காதுக்கே திரும்பும். பேரிங் போயிருந்தால் அங்கே மறைக்க முடியாது. ஆள் இல்லாத இடம் பார்த்து, ஸ்டீயரிங்கை விரல் நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்துவேன். வண்டி நேரே நின்றால் நல்லது. நாய் மாதிரி ஒரு பக்கம் மோப்பம் பிடித்துப் போனால் திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குத்தான்.

இவ்வளவையும் நானே பழகிக்கொண்டேன். பழைய வண்டி வாங்க வருகிறவர்களுக்காக வண்டி பார்ப்பதை எனக்குப் பழக்கியவர் எங்கள் மேனேஜர் குரியன் சார்.

அவர் கோட்டயத்துக்காரர். நல்ல கனத்த உடம்பு. வண்டி பார்க்கும்போது அவர் முன் சீட்டில் உட்கார்ந்து நான் ஒரு நாளும் கண்டதில்லை. பின்னால், இடது ஓரம். ஏறியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பின் சீட்டில் இருந்தால் அவருக்கு வாந்தி வரும். வாந்தி வராமல் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிவிட்டால் வண்டி நல்ல வண்டி. இறங்கியதும் நல்லது என்ற பொருளில் "கொள்ளாம்" என்பார், அல்லது "வேண்டா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஒருமுறை கேட்டேவிட்டேன். "சார், வண்டி ஓட்டப் போறவன் முன்னாலதானே இரிப்பான்? நீங்க ஏன் பொறத்த இரிந்து கஷ்டப்படுதிய?"

"எடோ, முன்னால இருக்குறவன் வண்டி வாங்கும். பின்னால இருக்குறவள் ஒரு மாசம் கழிச்சு அதை விக்கச் சொல்லும். நமக்கு ரெண்டாவது ஆளை அறியணும்."

இதை அவர் சொன்னபோது சிரித்தேன். பிறகு ஒரு கான்ட்ராக்டர் பெரிய வெளிநாட்டு வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். முன்னால் உட்கார்ந்த எனக்கு அது தொட்டில் போலச் சுகமாக ஆடியது. பாலராமபுரம் தாண்டுமுன் குரியன் சார் என் தோளைத் தட்டினார். நிறுத்தினேன். இறங்கி ஒரு தென்னை மூட்டில் கொட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு "வேண்டா" என்றார். கான்ட்ராக்டர் கேலி பண்ணிவிட்டு வாங்கினார். ஓணத்துக்கு முன் வாங்கிய வண்டி கிறிஸ்துமஸுக்கு முன் திரும்ப விற்பனைக்கு வந்தது. அவருடைய மாமியார் அதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அன்று முதல் நானும் பின் சீட்டில் உட்காரத் தொடங்கினேன். குரியன் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் அதை விடவில்லை.

நான் ஓய்வு பெறும் வருடத்தில்தான் பியூலா சிஸ்டர் வந்தார்.

கொல்லயில் ஊர்க்காரர். பழைய மிஷன் சபைக் குடும்பம். வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரியில் வெகுகாலம் நர்ஸாக இருந்தவர். அம்மா நேசம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியதும் வேலையை விட்டு வந்துவிட்டார். கல்யாணம் ஆகாதவர், வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வண்டி ஓட்டப் படித்ததே ஊருக்கு வந்த பிறகுதான்.

சிவப்பு நிறத்தில் அந்த இத்தாலி வண்டி எங்கள் முற்றத்தில் வந்து நின்றபோது வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். சின்ன உடம்புக்குப் பெரிய தொண்டை. சைலன்சர் சத்தத்துக்கு எதிர்க் கடை நாய் எழுந்து போய்விட்டது.

"ஆசானே, இதை ஒண்ணு பாத்துச் சொல்லணும்" என்றார் சிஸ்டர்.

"வாங்கப் போறியளா?"

"வாங்கியாச்சு."

"வாங்கின பெறவு என்னத்தப் பாக்க?"

"வச்சிருக்கணுமா குடுக்கணுமான்னு."

வெளிநாட்டில் அவருடைய குவார்ட்டர்ஸுக்கு எதிரே இப்படி ஒரு வண்டி நின்றிருக்கும். டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் படி ஏறுவாராம். தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே பொருள் என்று சொன்னார். இன்னொரு ஆசையும் இருந்தது. பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்ட வேண்டும்.

"அது எதுக்கு சிஸ்டரே?"

"இஞ்ச எப்பம் பாத்தாலும் முன்னால ஒரு பஸ்ஸு உண்டு, இல்லேன்னா ஒரு ஆட்டோ. முன்னால ஒண்ணும் இல்லாத ரோட்டில ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்."

சிக்கல் அம்மாதான். வாரத்தில் மூன்று நாள் நேசம்மாவை நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை ஆட்டோ. குலுங்கிக் குலுங்கிப் போய், குலுங்கிக் குலுங்கித் திரும்பி வந்து, வந்ததும் படுத்துவிடுவாராம். தம்பி ஜஸ்டின் ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருக்கிறவன். ஏழு பேர் போகிற உயரமான வண்டி வாங்கு என்று சொல்லியிருந்தான். அக்கா கேட்கவில்லை. சிவப்பு வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டரை வைத்து ஜெபம் பண்ணச் சபைக்குக் கொண்டுபோகும் முன் அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு கதவு வண்டியில் முன் சீட்டைச் சாய்த்து, அந்த இடுக்கு வழியாகத்தான் பின்னால் நுழைய வேண்டும். ஒரு கால் உள்ளே போயிற்று. முட்டு மடங்கவில்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடது கையை ஊன்றவும் கூடாது. பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டு, அக்கம்பக்கத்தார் பார்க்க, மகனும் மகளும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். நேசம்மா அழுதுவிட்டார். "இனி இதுல என்னை ஏத்தாதிய" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரமே ஜஸ்டின் வண்டியை வாங்கிக்கொள்ளக் காஞ்சிரங்குளத்தில் ஒரு ஆளைப் பிடித்துவிட்டான். வரும் சனிக்கிழமை காலையில் அவர் வண்டி பார்க்க வருகிறார். சிஸ்டரும் மறுப்புச் சொல்ல முடியாத நிலை. "ஆசான் வேண்டாம்னு சொன்னா குடுத்திருவேன். எனக்க ஆசைக்காக அம்மைய ஆட்டோவில போட்டுக் குலுக்கவா?" என்றார்.

ஆக, என் ஒரு சொல்லில் அந்த வண்டி இருப்பதும் போவதும்.

வழக்கம்போல் பார்த்தேன். டயர் நன்று. மதில் சந்தில் சத்தம் சுத்தம். பிரேக் நேராக நின்றது. இவ்வளவு சின்ன வண்டி திரும்புவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு அகலமான இடம் கேட்கிறது என்பது வியப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரே திருப்பில் திரும்பாது, ஒரு தடவை பின்னால் எடுக்க வேண்டும். ஸ்பிரிங் கெட்டி. வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகெலும்பில் ஏறியது. பிறகு ஒரு பையனை ஓட்டச் சொல்லிவிட்டுக் குரியன் சாரின் இடத்தில் நான் உட்கார்ந்தேன். உள்ளே நுழைய எனக்கே ஐந்து அசைவு தேவைப்பட்டது. தலை கூரையில் இடித்தது. நான்காவது வேகத்தடையில் ஏலக்காயை நினைத்துக்கொண்டேன்.

என் வாயில் "வேண்டாம்" தயாராக இருந்தது. சிஸ்டர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இப்பம் சொல்லாதிய. வியாழக்கிழமை டிராக்கில இடம் பிடிச்சாச்சு, ரூவாயும் கெட்டியாச்சு. நீங்களும் கூட வரணும். ஒரு நாள் ஓட்டீட்டு வாறேன், பெறவு சொன்னாப் போதும்."

இத்தனை வருடம் வண்டி ஓட்டிப் பார்த்தவன், ரேஸ் தடத்தைக் கண்ணால் கண்டதில்லை. போனேன். அன்று டயாலிசிஸ் நாள் இல்லை. அம்மாவை ஜஸ்டினின் மனைவி பார்த்துக்கொண்டாள். புறப்படும்போது ஜஸ்டின் வந்து என்னிடம் கேட்டான். "ஆசானே, இன்சூரன்ஸ் உண்டுல்லா? வண்டிக்கில்ல, உங்களுக்கு."

கோயம்புத்தூர் பக்கத்துத் தடத்தில் அன்று பத்தொன்பது வண்டிகள். இரண்டைத் தவிர எல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. சிஸ்டருக்கு வாடகை ஹெல்மெட் மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் முதலில் சீட்டின் அடியில் கைவிட்டுத் துழாவினான்.

"ஏனுங்கக்கா, சீட்டு இதுக்கு மேல இறங்காதுங்களா?"

"இறங்காது. அவ்வளவுதான்."

"சாப்பாட்டு மேசை முன்னாடி உக்காந்த மாதிரி இருக்குதுங்களே. வளைவுல ஆடுவீங்க, பார்த்துக்கோங்க."

நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் சுற்றில் சிஸ்டர் சந்தைக்குப் போகிறவர் மாதிரி போனார். மூன்றாவதில் வண்டியின் குரல் மாறியது. நேர்ச் சாலையில் பெரிய வண்டிகள் அவரைத் தாண்டின. வளைவில் அவர் அவற்றை எட்டிப் பிடித்தார். குட்டையான வண்டி, நினைத்த நொடியில் திரும்பியது. வேகம் கூடிப்போனால் மட்டும் மூக்கு வளைவை விட்டு வெளியே இழுத்தது. உட்பக்கத்துப் பின் சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியதையும் கண்டேன். ஆறாவது சுற்றில் பிரேக் விளக்கு வழக்கத்துக்கு முன்னதாகவே எரியத் தொடங்கியது. பிரேக் சூடாகிப் பெடல் இளகுகிறது, அதனால் முன்கூட்டியே மிதிக்கிறார் என்று புரிந்தது. கை காட்டி உள்ளே வரச் சொன்னேன்.

சூடான பிரேக்கில் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. நான் பையில் கொண்டுபோயிருந்த இரண்டு மரக்கட்டைகளை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.

"பெருசு ஊருல இருந்தே ஆப்பு கொண்டாந்திருக்காருடோய்!" என்று ஒருவன் சிரித்தான்.

அப்போது அவனுடைய வண்டியிலிருந்து அவன் நண்பன் இறங்கிக்கொண்டிருந்தான். இறங்கினான் என்று சொல்வது சரியல்ல. கிணற்றிலிருந்து ஏறினான். கூரையைப் பிடித்து, ஒரு காலை வெளியே போட்டு, இடுப்பை நெளித்து, முனகிக்கொண்டு. இருபத்தைந்து வயதுக்காரன். இந்தப் பக்கம் பியூலா சிஸ்டர் கதவைத் திறந்து, இரண்டு காலையும் திருப்பி வைத்து, நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது போல எழுந்து நின்றார். ஒரே அசைவு.

"சிஸ்டரே, இன்னொரு தடவை இரிந்து எழும்புங்க" என்றேன்.

"எனக்குத் தல சுத்தல்ல ஆசானே, நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, இரிங்க. எழும்புங்க."

எழுந்தார். நான் மறுபக்கம் போய் இடது முன் சீட்டில் உட்கார்ந்தேன், எழுந்தேன். முட்டுக்கு ஒரு சிரமமும் இல்லை. சீட்டு என் முட்டுக்குச் சற்று மேலே, வீட்டு நாற்காலி உயரத்தில். கதவு நீளமானது, திறந்தால் காலைத் திருப்ப நிறைய இடம். பந்தயத்துக்குக் குறையென்று அந்தப் பையன் சொன்ன அதே உயரம். ஊரிலிருந்து வழி முழுக்க இந்தச் சீட்டில்தானே வந்தேன், ஏன் கவனிக்கவில்லை? வலிக்காத இடத்தை யார் கவனிக்கிறார்கள்.

"சிஸ்டரே, அம்மைய முன்னால இருத்திப் பாத்தியளா?"

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து அந்தச் சீட்டைப் பார்த்தார்.

யாருக்கும் தோன்றவில்லை. காரணம் எளிது. எங்கள் பக்கத்தில் குடும்பத்தோடு காரில் போகும்போது டிரைவர் பக்கத்துச் சீட்டு வீட்டின் மூத்த ஆண்பிள்ளைக்கு. அவர் இல்லையென்றால் மகனுக்கு. பாஸ்டர் வந்தால் பாஸ்டருக்கு. பெண்கள் பின்னால்தான். இப்படி ஒரு விதி இருப்பதாகக்கூட எங்களுக்குத் தெரியாது, கால் தானாகப் போகும். சிஸ்டர் வண்டி ஓட்டிய நாட்களிலும் பக்கத்தில் ஜஸ்டின்தான் உட்கார்ந்தான். குரியன் சாரின் கணக்கிலும் "பின்னால் இருக்கிறவள்" பின்னாலேயே இருந்தாள். அவளை முன்னால் கொண்டுவரலாம் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

"நான் நர்ஸாக்கும்" என்றார் சிஸ்டர் மெதுவாக. "வீல்சேர்ல இருந்து கட்டிலுக்கு ஆளை மாத்துகது எப்படின்னு எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். எனக்க அம்மைக்கு இது தோணல்லியே."

பிரேக் ஆறியதும் இன்னும் ஐந்து சுற்றுப் போய்விட்டு வந்தார்.

ஷிபினே, உன் கஸ்டமருக்கு நான் சொல்வது இதுதான். டிராக்குக்கு இது பிறந்த வண்டி அல்ல. உயரமாக உட்கார வேண்டும், பிரேக் சீக்கிரம் களைத்துவிடும். போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றச் சொல், ஐந்து சுற்றுக்கு ஒருமுறை ஓய்வு கொடுக்கச் சொல். ஆனால் ஓட்டப் படிக்க நல்ல வண்டி. தப்புச் செய்தால் உடனே சொல்லிவிடும், தண்டிக்காது. வீட்டுக்கு ஆகுமா என்றால், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதே. யார் எங்கே உட்காருவார்கள் என்று கேள். அந்த இடம் மாறக் கூடாதா என்றும் கேள்.

சனிக்கிழமை காலை கொல்லயிலுக்குப் போனேன். அன்று டயாலிசிஸ் நாள். சிஸ்டர் வண்டியை மதிலிலிருந்து தள்ளி, இடது கதவு முழுதாகத் திறக்கும்படி நிறுத்தியிருந்தார். நேசம்மா வராந்தாவில் நின்றுகொண்டு அதைப் பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இனி ஏத்தாதிய, ஏத்தாதியன்னு சொன்னேன்லா?"

"பொறத்த இல்லம்மா. முன்னால."

"முன்னாலயா? அது ஆம்பிளைக்கு உள்ள இடம்லா மக்களே. ஆளுவ கண்டா என்ன சொல்லும்? ஜஸ்டின் எங்க இரிப்பான்?"

"அவன் பைக்கில வரட்டும்."

நேசம்மா என்னைப் பார்த்தார். ஆண்பிள்ளை ஒருவன் அங்கே நிற்கிறான், அவன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது போல.

"நான் கோயம்புத்தூர் வரைக்கும் அதுல இரிந்து போயிட்டு வந்தேன்" என்றேன். "ஆம்பிளைக்குன்னு அங்க ஒண்ணும் எழுதி வைக்கல்ல."

"நல்லாப் பாத்தீரா?"

"நல்லாப் பாத்தேன்."

சிஸ்டர் அம்மாவை வண்டிக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார். "சீட்டு முட்டில தட்டுதா? இனி பைய இரிங்க." நேசம்மா பயந்து கண்ணை மூடினார். உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் திறந்தபோது உட்கார்ந்து முடிந்திருந்தது. பிறகு இரண்டு காலையும் சிஸ்டர் சேர்த்துப் பிடித்து உள்ளே திருப்பினார். இடது கையை யாரும் தொடவில்லை. பெல்ட் மாட்டியதும் நேசம்மா முன் கண்ணாடி வழியாக முற்றத்தையும், சரிவையும், அதற்கு அப்பால் சாலையையும் பார்த்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஜஸ்டின் காஞ்சிரங்குளத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அம்மா எதுக்கு அதுல இரிக்கிய? எறங்குங்க. இவரு வண்டியப் பாக்க வந்தவராக்கும்."

வந்தவர் சங்கடத்தோடு கும்பிட்டார். நேசம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னார். சிஸ்டர் டிரைவர் சீட்டில் ஏறிப் பொத்தானை அழுத்தினார்.

"பாரும், நல்லாப் பாரும். பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் நேசம்மா. "குடுக்கது இல்ல, கேட்டீரா. எனக்க மவளுக்க வண்டி."

"அம்மா, நான் அவருக்கு வாக்குக் குடுத்தாச்சு."

"உனக்க வண்டியா வாக்குக் குடுக்க?"

ஜஸ்டின் என்னைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன்.

சிஸ்டர் வண்டியைக் கிளப்பினார். நேராக இறக்கினால் மூக்கு சரிவில் உரசும், குறுக்காக இறக்குங்கள் என்று சொல்லியிருந்தேன். அப்படியே குறுக்காக இறக்கினார், உரசவில்லை. சாலையில் ஏறியதும் வண்டி நின்றது. எதை மறந்துவிட்டார்களோ என்று நான் ஓடினேன்.

ஒன்றும் இல்லை. நேசம்மா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, எனக்குப் பின்னால் நின்ற மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"லே ஜஸ்டினே, வந்த மனுசனுக்கு ஒரு சாயா போட்டுக் குடு. நாங்க போயிட்டு வாறோம்."